கொக்கு இறங்காத மூன்று மா

குரும்பகரத்தில் ஞானசௌந்தரியின் வாய்க்கு அஞ்சாதவர்கள் உண்டா? புருஷன் செத்த வீட்டிலேயே பந்தல்காரனோடு வாடகைக்குச் சண்டை போட்டவள்!

அது நடந்து எட்டு மாதம். மூன்று மா நிலமும் பள்ளக்கால், போட்ட நெல்லெல்லாம் அழுகிப்போகிறது. அதனால் நிலத்தை அரசாங்கத்தின் பறவைத் திட்டத்தில் சேர்த்துவிட்டாள். உழக்கூடாது, மருந்தடிக்கக்கூடாது, தண்ணீர் கட்டி நிறுத்தினால் மானியம். முதல் தவணையில் வரப்பை உயர்த்திக் கருவேலங்கன்று நட்டாயிற்று. மிச்சம் வேண்டுமென்றால் பறவை வந்து இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலத்தை இறால் பண்ணைக்காரனுக்கு விற்க வேண்டியதுதான்.

கண்றாவி, ஒரு கொக்குகூட இறங்கவில்லை! பக்கத்து வயலில் மடையானும் உள்ளானும் மொய்த்துக் கிடந்தன. இவள் நிலத்துக்கு மேலே வந்தால் மட்டும் வெடுக்கென்று விலகிப் பறந்தன.

"தண்ணியில ஏதாச்சும் கெடக்குதாக்கா?" என்று திட்டத்துக்காகப் பறவைக் கணக்கெடுக்க வந்த அறிவுச்செல்வன் மோந்து பார்த்தான். நல்ல தண்ணீர்தான். "வெள்ளிக்கிழம வர்றேன். அதான் கடைசி."

வியாழன் உச்சிப்பொழுது. காற்றில்லை, ஆளில்லை. வரப்பில் நின்றவளுக்குக் கேட்டது: டங், டங், டங். தகர டின்னைக் குச்சியால் தட்டும் சத்தம். நடு நிலத்திலிருந்து வந்தது. அங்கே முழங்கால் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. மேலே வந்த நாரைக் கூட்டம் சிதறி ஓடியது.

மூன்று தட்டு, ஒரு இருமல், மறுபடி மூன்று தட்டு. முப்பது வருஷம் கதிர் முற்றும் காலத்தில் அவள் புருஷன் அப்படித்தான் பறவை விரட்டினான். பாவி மனுஷன், செத்தும் வயலைக் காக்கிறானே!

"ஏங்க, போதுங்க. கதிரு இல்லீங்க. அதுங்க வந்தாத்தான் நெலம் நமக்கு."

டங், டங், டங்.

ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறார்கள்; தன்னைத்தான் என்று அவன் கண்டானா? புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பயந்து அவள் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. இனிக் குறைய என்ன இருக்கிறது?

"சுவாமிநாதன்!" என்று கத்தினாள். "வேல முடிஞ்சிட்டு. கெளம்புங்க!"

சத்தம் நின்றது. யாரோ நடந்து வருவதுபோல் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும்பியது. வரப்போரம் வந்து, அவள் காலடியில் சற்று நின்று, அடங்கியது.

வெள்ளிக்கிழமை அறிவுச்செல்வனுக்கு எண்ணி மாளவில்லை. "நூத்திப் பன்னெண்டுக்கா! நெலம் தப்பிச்சிட்டு. ஏங்க்கா அழுவுறீங்க?"

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு நேத்துதான் தம்பி போனாரு."