பூங்காவனம் சொன்னால்தான் போதும்

பூங்காவனத்துக்கு நான் முப்பத்திரண்டு ரூபாய் கடன்பட்டிருந்தேன். காட்டுப்பாக்கத்துப் பூங்காவனம், மாடித்தளம் அடிக்கிற பெண்கள் கூட்டத்துக்குத் தலைவி. தன் கம்மலைப் பூந்தமல்லி அடகுக்கடையில் வைத்து வாங்கிவந்த பணம் அது. நான் கேட்டு வாங்கியதாக யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் பரந்தாமன் எவரிடமும் கை நீட்டியவன் இல்லை. அவளாகத்தான் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சித்தாளாக மண் சுமந்து, முப்பது வயதுக்குள் கரையான்சாவடியில் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்தேன். அங்கே சாலையோரம் நான் கட்டிய கடைகளை எண்ணுவதற்கே ஒரு ஆள் வேண்டும். ஆனால் அத்தனைக்கும் முன்னால் ஒரு மாடி இருக்கிறது. அது நின்றது பூங்காவனத்தால்.

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலம். முப்பத்தாறாம் வருஷம் பட்டணத்தில் ஒரு கமிட்டி கூடி, சிக்கனமாக எப்படி வீடு கட்டலாம் என்று ஜனங்களுக்குக் காட்ட ஒரு கண்காட்சி வைத்தது. படத்தில் இல்லை, மைதானத்தில் நிஜமாகவே நாலு வீடு. கட்டுகிறவன் தன் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். முடிந்ததும் மாடியில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடுவார்கள். ஒழுகாவிட்டால் செலவு அப்படியே திரும்பி வரும். ஒழுகினால் காலணா கிடையாது. மற்ற மூவரும் சிமெண்டில் இறங்கினார்கள். நான் ஒருவன்தான் சுண்ணாம்புத் தளம். தளம் போடும் நேரத்தில் என் கை வறண்டுவிட்டது.

"தையில எம் பொண்ணு வடிவுக்குக் கண்ணாலம். இந்தக் கம்மலுதான் அவளுக்கு சீரு. அதுக்குள்ள மீட்டுக் குடுத்துடு அண்ணாத்தே," என்றாள் பூங்காவனம். அவ்வளவுதான் பேச்சு.

இந்தத் தளம் எப்படிப் போடுவார்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். இறுகிவிட்டது என்று தலைவிக்குத் தோன்றினால் "போதும்" என்பாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் கட்டையைத் தொடமாட்டாள். தொட்டால் தளம் ஆகாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அதனால் வேலை முடிகிற வரைக்கும் மாடியில் எவருமே அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. சோறு அதிகமானால்கூடக் கையால் இலையை மறைப்பார்களே தவிர, வாயைத் திறக்கமாட்டார்கள்.

கமிட்டி தண்ணீர் கட்ட வருகிற நாள் வந்தது. மத்தியானம் வருகிறார்கள். காலையில் தென்மேற்கு மூலை மட்டும் பாக்கி. மழைத்தண்ணீர் வடிகிற மூலை அதுதான். என் கொத்தனார் ஹாஜா மொய்தீன் கைப்பிடிச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மூத்தவளான முத்தம்மாள் பானையைத் தூக்கி அவர் சொம்பில் மோர் ஊற்றினாள். மோர் வழிந்து அவர் புதுக் கைலியில் கொட்டியது.

"போதும், போதும்!" என்று கத்திவிட்டார் மனுஷர்.

அத்தனை கட்டையும் ஒரே நேரத்தில் நின்றது. கீழே கழுதை கத்துவது கேட்டது.

"யாரு சொன்னது?" என்றாள் பூங்காவனம்.

"மோரு கொட்டிக்கிச்சு தங்கச்சி, அதான் வாய் தவறி..."

"எதுக்கு சொன்னா இன்னா பாய்? சொன்னது சொன்னதுதான்," என்றாள் முத்தம்மாள். "ஆவடில இப்பிடித்தான் சொன்னப்பறமும் அடிச்சோம். மொத மழைக்கே ஒயுகிச்சு. கூலி வந்துச்சா? நான் கட்டையத் தொடமாட்டேம்மா."

"ரெண்டு மடங்கு கூலி தரேன்!" என்றேன் நான்.

"மொதல்ல ஒரு மடங்கக் குடு அண்ணாத்தே!" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பூங்காவனம் சிரிக்கவில்லை. அவள் கை வெறும் காதுக்குப் போய்விட்டு வந்தது. கட்டையை அவளும் எடுக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை நம்புகிறவள்தான் அவளும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மூலை காய்ந்துவிட்டால் பிறகு அடித்தும் பயனில்லை. அவள் மோர்ப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாய், மோரு உனுக்குப் பத்துச்சா, பத்தலையா?"

"வயிறு ரொம்பிப்போச்சு."

"ரொம்பினா நீ சொன்னது நெசமாயிடும். எம் பொண்ணு மூளிக்காதோட மணையில குந்துவா. பத்தலன்னு சொல்லு, அப்ப நீ சொன்னது பொய்யாயிடும். சொல்லிக்கினே குடி."

ஹாஜா மொய்தீன் என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன். முழுப்பானை.

"இன்னும் ஊத்து," என்றார் மெதுவாக.

முத்தம்மாள் யோசித்தாள். "அவுரு கேக்கற வரைக்கும்தான் அடி. வாய மூடுனா நாங்களும் நிறுத்திருவோம்," என்று சொல்லிவிட்டு ஊற்றினாள். கட்டைகள் விழத் தொடங்கின.

"இன்னும் ஊத்து." ஒரு சொம்பு. "பத்தல, ஊத்து." இன்னொரு சொம்பு. அவர் கண் பிதுங்கியது. பானை காலியானபோது மூலையில் முறம் அளவு இடம் பாக்கி இருந்தது. குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். அதையும் கேட்டுக் கேட்டுக் குடித்தார்.

கீழே மோட்டார் வந்து நின்றது. கமிட்டி அதிகாரி ஏணியில் ஏறி வந்து பார்த்தார்.

"என்ன பரந்தாமன், இன்னுமா அடிக்கிறார்கள்? இதுவே போ—"

"கும்பிடறேன் சார்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தி அவர் காலிலேயே விழுந்துவிட்டேன். எவன் காலிலும் விழாத பரந்தாமன். அவர் மிரண்டுபோய்ப் பேச்சை விட்டார்.

"அவர் ஏன் இப்படித் தண்ணீர் குடிக்கிறார்?"

"தாகம் சார்."

"இன்னும்... ஊத்து," என்றார் ஹாஜா மொய்தீன், அழுகிற குரலில்.

பூங்காவனம் மூலையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். இறுகிய தளத்தில் பட்டுக் கட்டை துள்ளி எழும்பியது. குனிந்து தளத்தில் காதை வைத்து இன்னோர் அடி. பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"போதும்."

ஹாஜா மொய்தீன் ஏணியில் இறங்கினாரா குதித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தண்ணீர் கட்டினார்கள். மறுநாள் வரைக்கும் நானும் பூங்காவனமும் உள்ளே அந்த மூலையை அண்ணாந்து பார்த்தபடி கிடந்தோம். விடிந்ததும் அங்கே கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. அவள் சாரத்தில் ஏறி விரலால் தடவினாள். ராத்திரி நாங்கள் வைத்த விளக்கின் புகை. அடியில் உலர்ந்த செங்கல்.

முதல் பரிசை ஒரு சிமெண்டு வீட்டுக்குக் கொடுத்தார்கள். கண் தெரியாதவர்கள் கொடுத்த பரிசு அது. என் செலவுப் பணம் மட்டும் முழுதாக வந்தது.

அன்று சாயங்காலமே காட்டுப்பாக்கம் போனேன். பூங்காவனம் வலது கையை விரித்து நீட்டினாள். வடிவு பக்கத்தில் நின்றாள். வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாக வைத்தேன். முப்பத்திரண்டும் வைத்தாகிவிட்டது. கை மூடவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. அடகுக்கடை வட்டிக்கு ஒரு ரூபாய் வைத்தேன். கை விரிந்தே இருந்தது. இன்னொன்றும் வைத்தேன்.