புரட்டாசி முடியட்டும்

நவம்பர் பிறந்தால் திரெங்கானுத் தீவுகளுக்குப் படகு நின்றுவிடும். பருவமழை ஓய்ந்து மார்ச்சில்தான் மறுபடி விடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பயணம் போட்டுக் கொடுப்பவள் நான். ஜூலையில் போங்கள், ஆகஸ்டில் போங்கள், அக்டோபருக்கு மேல் நம்பாதீர்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! என் கணவரை மட்டும் நேரத்தோடு கூட்டிப்போகத் தெரியவில்லை.

அவர் போர்ட் கிள்ளானில் டிரெய்லர் லோரி ஓட்டியவர். பினாங்கு, ஜோகூர், குவந்தான் என்று தீபகற்பம் முழுக்கக் கண்டெய்னர் இழுத்திருக்கிறார். ஆனால் ஊர் பார்த்தாரா என்றால் இல்லை. அவர் பார்த்ததெல்லாம் தார் ரோடும் முன்னால் போகிற வண்டியின் பின்புறமும்தான். கடல் என்றால் அவருக்குத் துறைமுகத்துக் கடல். அது தே தாரேக் டீயின் நிறத்தில் இருக்கும்.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு தீவின் படம் மாட்டியிருந்தோம். தண்ணீர் அத்தனை தெளிவு. மிதக்கிற படகின் நிழல் அடி மணலில் விழுந்திருக்கும். லீவு நாளில் என்னைக் கூட்டிப்போக வருகிறவர், நான் கணினியை மூடுகிற வரையில் அந்தப் படத்தின் முன்னால் நிற்பார். “இது நெசந்தானா, இல்ல கம்ப்யூட்டர்ல செஞ்சதா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். “நெசந்தாங்க. ஒரு நாள் போலாம்” என்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, கட்டிப்போடுகிற பொறுப்பு எதுவும் இல்லை. இருந்தும் அந்த ஒரு நாள் வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளானில் இருக்கும் அவர் அக்கா வீட்டுக்குப் போவோம். சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். எங்கள் சுற்றுலா அவ்வளவுதான்.

சர்க்கரை முதலில் அவருடைய வலது கண்ணைத் தின்றது. லைசென்ஸ் போனது. இடது கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை மருத்துவமனையில் இளம் மலாய்ப் பெண் டாக்டர் ஒருத்தி நீண்ட நேரம் கருவிக்குள் பார்த்தாள். பிறகு நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்குள் புதிதாக முளைத்திருக்கும் ரத்தக் குழாய்கள் மெல்லியவை, எந்த நேரமும் கசியலாம், நாள் சொல்ல முடியாது என்றாள். “அங்கிள், காலாவ் நாக் ஜாலான், ஜாலான் செக்காராங்” என்று முடித்தாள். எங்காவது போக ஆசையிருந்தால் இப்போதே போய்விடுங்கள் என்று அர்த்தம். அவள் குரலில் இருந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

வெளியே வந்து ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்தோம். நான்தான் கேட்டேன்.

“ஏங்க, எங்க போகணும்? சொல்லுங்க. எங்கனாலும் போலாம்.”

“அந்தப் படத்துல இருக்கற தண்ணிக்கு” என்றார். “அடி தெரியற தண்ணியில ஒரு தடவ நிக்கணும்மா. என் காலு எனக்குத் தெரியணும்.”

மறுநாளே ஆபீஸில் தேடினேன். சுதந்திர தினம், மலேசிய தினம் என்று விடுமுறைகளுக்கு ஊரே புறப்பட்டிருந்ததால் தீவில் அறை இல்லை. கிடைத்த முதல் தேதி புரட்டாசி ஐந்தாம் நாளில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைச் சொன்னேன். என் நாத்தனார் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். தாயில்லாமல் போன தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு ஒன்றென்றால் அவளுக்கு முதலில் கோபம்தான் வரும்.

“புரட்டாசியில போயி தீவுல மீனு தின்னுட்டுக் கெடக்கப் போறீங்களா? கண்ணு போற நேரத்துல கடலு கேக்குதா? மொதல்ல பெருமாள்கிட்ட கண்ணக் கேளும்மா!”

“டாக்டர் சொல்லிட்டாங்க அண்ணி, நாளு சொல்ல முடியாதாம்.”

“டாக்டருக்கு என்ன தெரியும்? ஒரு மாசம் சுத்தமா வெரதம் இரு. மூணாவது சனிக்கெழம பெருமாளுக்கு வெள்ளிக் கண்மலர் வை. புரட்டாசி முடியட்டும், அப்புறம் எங்க வேணாலும் போங்க லா. யாரு வேணாங்கறா?” சொல்லிக்கொண்டே அழுதாள்.

அவள் கட்டாயப்படுத்தினாள் என்று நான் எங்கும் சொன்னதில்லை. சொன்னால் பொய். அவள் வாயை மூடுவதற்குள் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. கடலுக்குப் போவதென்றால் கண் போகப்போகிறது என்று ஒப்புக்கொள்கிற மாதிரி. விரதம் இருப்பதென்றால் கண் நிற்கும் என்று நம்புகிற மாதிரி. எனக்கு நம்பத்தான் வேண்டியிருந்தது. இவரைத் திரும்பிப் பார்த்தேன். “அக்கா சொல்றபடியே செய்வோம்” என்று சொல்லிச் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை என் கையாலேயே பயணத்தை அக்டோபர் இருபதுக்கு மாற்றினேன். புரட்டாசி முடிந்து மூன்று நாலு நாள்தான் ஆகியிருக்கும், படகு ஓடுகிற கடைசி நாட்கள் அவை. தொலைபேசியில் படகுத்துறை ஆள் அலை எழும்ப ஆரம்பித்துவிடும் என்று எச்சரித்தான். பரவாயில்லை என்றேன். வாடிக்கையாளர் யாராவது இப்படித் தேதி கேட்டிருந்தால் வேண்டாம் என்று சண்டை போட்டிருப்பேன்.

அந்த மாதம் முழுக்க வீட்டில் முட்டை வாசனைகூட இல்லை. தினமும் தலைக்குக் குளித்தேன். படுக்கையை விட்டுத் தரையில் படுத்தேன். இவரும் எனக்குச் சமமாக ரசமும் பீன்ஸுமாகச் சாப்பிட்டார். “பெருமாள் சைவமா இருக்கறதுக்கு நான் ஏம்மா தண்டன அனுபவிக்கணும்?” என்று கேலி செய்வார். காலையில் கண் விழித்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி “தெரியுதாங்க?” என்பதுதான். “தெரியுது, தெரியுது. நீ இன்னும் அப்படியேதான் இருக்க” என்பார். மூன்றாம் சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய் நாத்தனாரோடு கண்மலர் வைத்தோம். திரும்பும்போது ரயிலில் எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு.

புரட்டாசி முடிந்தது. இவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன். பையில் இரண்டு துண்டு, தொப்பி, கண் சொட்டு மருந்து எல்லாம் எடுத்து வைத்தேன். கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. பதினெட்டாம் தேதி காலை இவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

“மா, லைட்டப் போடு” என்று குரல் வந்தது.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலிலும் வெயில். ஓடிப்போனேன். பாதி முகத்தில் நுரையோடு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கண்ணுக்குள்ள மைய ஊத்தின மாதிரி இருக்கு. எறங்கிக்கிட்டே வருது” என்றார். பயப்படாத குரலில் சொன்னார். நான்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனர் கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். நிமிர்ந்தே உட்கார வேண்டும், நிமிர்ந்தே தூங்க வேண்டும், ரத்தம் தானாக அடியில் தங்கினால் கொஞ்சம் தெளியலாம் என்றார்கள். மறுநாள் ஆபீஸுக்குப் போய் எங்கள் பயணத்தை ரத்து செய்தேன். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வெறுமனே விட்டேன்.

நவம்பரில் ஒரு நாள், “மேல் பக்கம் கொஞ்சம் தெரியுது” என்றார். ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளிச்சம் திரும்பியிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெரிந்த படகுக்காரர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். ஏழு பேர். எல்லோரும் ஒரே பதில். கடைசி ஆள் வயதானவர். “காக், ஓம்பாக் பெசார்” என்றார். அலை பெரிது, அக்கா. அரை மணி நேரம் போதும், கரையோரமாகவாவது கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று அழுதேன். சாகிறதற்கு யாரும் படகு விடமாட்டார்கள் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டுவிட்டு வைத்தார்.

கடல் இல்லாவிட்டால் ஆறு. உலு லங்காட் பக்கம் அருவி இருக்கிறது, கூழாங்கல் தெரிகிற தண்ணீர் என்று நானே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். கார் பிடித்துக் கூட்டிப்போனேன். முந்தின நாள் பெய்த மழையை நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் நான் இல்லை. போய்ப் பார்த்தால் செம்மண் கரைந்து ஆறு காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இவர் தலையைத் தாழ்த்தி, அந்த மேல் விளிம்பு வெளிச்சத்தால் தண்ணீரைப் பிடிக்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“இதுக்கு நம்ம போர்ட் கிள்ளானே தேவலாம் லா.”

நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். குளிக்க வந்திருந்த மலாய்க் குடும்பம் ஒன்று பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. டிசம்பரில் விழித்திரை பிய்ந்தது. அறுவை செய்தார்கள், ஒட்டவில்லை. தைப்பூசத்துக்கு ஊரே பத்து மலைக்கு நடந்தபோது இவர் எங்கள் வீட்டில் பாத்ரூமுக்கு எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் வந்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமாளை ஏசினாள். “போதும் அண்ணி, போதும்! அவரு கேட்டது ஒரே ஒரு எடம்!” என்று சீறினேன். போகும்போது வாசலில் நின்று, “நான்தானே தடுத்தேன்” என்றாள். ஆமாம் என்று சொல்ல நினைத்தேன். என் விரல்தானே தேதியை மாற்றியது என்பது நினைவுக்கு வந்து, அவளுக்கு லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொடுத்தேன்.

மார்ச்சில் ஒரு நாள் இவரே கேட்டார். “படகு விட ஆரம்பிச்சிட்டாங்களா?”

“எதுக்குங்க இப்ப?”

“தண்ணி அங்கதானே இருக்கு. போலாம்.”

போனோம். எட்டு மணி நேர பஸ், பிறகு படகு. படகில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அலை அடிக்கிற அடியிலேயே இது நம் பக்கத்துக் கடல் இல்லை என்றார். தீவில் இறங்கிக் கையைப் பிடித்து முழங்கால் தண்ணீர் வரைக்கும் நடத்திப்போனேன். தண்ணீர் அத்தனை தெளிவு, இருப்பதே தெரியவில்லை. சின்னச் சின்ன மீன்கள் அவர் கணுக்காலைச் சுற்றின. எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? ஊராருக்கெல்லாம் வர்ணித்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை. என்னை மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பாமல் கடல் பக்கம் முகம் வைத்தபடியே பேசினார்.

“நீ ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்காத. உண்மையச் சொல்லவா? புரட்டாசிக்கு முந்தியே எனக்கு எல்லாம் மங்கிப்போச்சு. நீ கேக்கறப்பல்லாம் சும்மாதான் தெரியுதுன்னு சொன்னேன். அப்ப வந்திருந்தாலும் இப்படியேதான் நின்னிருப்பேன்.”

“அப்படியாங்க?”

“ஆமாம்மா. ஒன்னோட தப்பு ஒண்ணும் இல்ல.”

அவருக்குப் பொய் சொல்லவே வராது. இதை எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நானும் சரி என்று அவர் கையை இறுக்கிக்கொண்டேன்.

ஆனால் எனக்குத் தெரியும். அந்த மூன்றாம் சனிக்கிழமை, கோயில் வரிசையில் என் மூக்குத்தித் திருகு கழன்று விழுந்துவிட்டது. கடுகளவு திருகு. ஈரத் தரை, சுற்றிலும் நூறு கால்கள். நானும் நாத்தனாரும் குனிந்து தேடிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நிமிர்ந்துவிட்டோம். இவர்தான் ஒரு அம்மாளின் கொலுசுக்குப் பக்கத்திலிருந்து நேராகக் கையை வைத்து அதை எடுத்துக் கொடுத்தார்.

அப்படிப்பட்ட கண்ணைத்தான் நான் அன்று வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வைத்திருந்தேன்.