மாம்பழத்துக்குப் பயந்தேன்

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்ததிலிருந்து முற்றத்து மாம்பழத்தை நான் தொட்டதே இல்லை. அவ்வளவு பயம். சீனியையும் விட்டேன், தேநீருக்குப் பனங்கட்டியைத்தான் கடித்துக்கொள்வேன்.

ஒருநாள் மத்தியானம், சாவகச்சேரிச் சந்தையடியில் மனைவி அலறினாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை மற்றச் செருப்பு எங்கை?"

குனிந்து பார்த்தேன். கொதிக்கும் தார் வீதியில் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். சுடவே இல்லை. உள்ளங்கால் கொப்பளித்துக் கிடந்தது. காலைக் கழற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மருந்து கட்டிய டாக்டரம்மா கேட்டார்: "என்ன சாப்பிடுறனீங்கள்?"

"பழம் தொடுறதேயில்லை. பனங்கட்டி மட்டுந்தான்."

"பனங்கட்டியும் சீனிதான் ஐயா. உடம்பிலை சீனி கூடித்தான் கால் மரத்துப்போச்சு. அதை விடுங்கோ. மாம்பழம் ரெண்டு துண்டு சாப்பிடலாம்."

புண் ஆறிவிட்டது. மாம்பழமும் இனிக்கிறது. ஆனாலும் கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீரை அந்தக் காலில் ஊற்றிவிட்டு, குளிர்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.