வாளி விழுந்தது என்று சொன்ன காலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலயில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, வலது கையும் காலும் செயலிழந்திருந்த நேரம். பேச்சும் குழறிவிட்டது. ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தை வந்தாலே பெரிய காரியம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவரைத் தூக்க, குளிப்பாட்ட, உட்கார வைக்க நான் ஒருத்திதான். அவரோ வாட்டசாட்டமான மனிதர், நான் ஐந்தடிகூட இல்லை.

உதவி கேட்டு ஜெபிக்காத நாள் கிடையாது. ஆனால் எங்கள் சபையில் மாதர் ஐக்கியத் தலைவி நான். புதன்கிழமைக் கூட்டத்தில் எல்லாருடைய ஜெப விண்ணப்பங்களையும் கொப்பியில் எழுதி வாசிப்பதும் நான்தான். அவரைப் படுக்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய் வருவேன். அந்தக் கொப்பியில், "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்கு வீட்டில் உதவிக்கு ஆள் வேண்டும்" என்று எழுதி, என் கஷ்டத்தை நானே யாருடையதோ போல வாசிப்பேன். பாவம், எல்லாரும் கண்ணீரோடு ஜெபிப்பார்கள். கூட்டம் முடிந்ததும் போதகரின் மனைவி, "அண்ணன் எப்படி இருக்காருங்க?" என்று கேட்பார். "கர்த்தர் கிருபையால நல்லா இருக்காருங்க" என்று சிரிப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கிறார். அவர்கள் வழக்கப்படி ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, "ஏதும் தேவைன்னா ஒரு சத்தம் போடுங்க அக்கா" என்று சொல்லியிருந்தார். நான் ஒரு நாளும் போடவில்லை.

அன்று காலை குளியலறையில் என் பிடி நழுவி இவர் விழுந்துவிட்டார். ஈரத் தரையில் இடுப்புச் சாரம் அவிழ்ந்து, முனகிக்கொண்டு கிடந்தார். இரண்டு தடவை தூக்கிப் பார்த்தேன். மூன்றாம் தடவை நானே அவர் மேல் விழுந்தேன். அவர் உடம்பு குளிரில் நடுங்க, எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்படியே முழங்காற்படியிட்டு, "ஆண்டவரே, இப்பவே யாரையாவது அனுப்புங்க" என்று அழுதேன்.

ஆமென் சொல்வதற்குள் முன்கதவு தட்டப்பட்டது. நானாவின் குரல். "அக்கா, என்ன சத்தம்? ஏதும் விழுந்திட்டா?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்தபடியே, "ஒண்ணுமில்ல நானா, வாளி விழுந்துருச்சி" என்றேன். அவரை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், என்னை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் பெரிதாக இருந்தது. ஊருக்கெல்லாம் ஜெபிக்கிறவள் வீட்டில் இப்படியா என்று நினைப்பாரே! செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. நான் மறுபடி கண்ணை மூடி, "ஆண்டவரே, யாரையாவது..." என்று தொடங்கினேன்.

கணவர் இடது கையால் என் சேலையைப் பிடித்து இழுத்தார். "அனுப்புன ஆள... தொரத்திட்டியே" என்றார். அந்த மாதத்திலேயே அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். நானா போகவில்லை, வாசல் கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாளி விழுந்தா முனகாது அக்கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

முதலில் ஒரு போர்வை கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு இவரை இடுப்போடு மூடினார். பிறகு சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை முன்னால் போட்டு, இவரது நல்ல கையை அதில் ஊன்ற வைத்து, பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து எழுப்பினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நல்லவேளை, பெரிய அடி ஒன்றும் இல்லை.

"எங்கட வாப்பாவ நாலு வருஷம் இப்படித்தான் தூக்கினேன். தனிய ஏலாது அக்கா" என்றார். எனக்குத் தேவையான அத்தனையும் தெரிந்த ஆள் இத்தனை மாதமும் மதிலுக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறார். அன்றிலிருந்து கடை திறக்கப் போகுமுன் தினமும் வந்து உதவினார். இப்போது என் கணவர் ஊன்றுகோலோடு மெதுவாக நடக்கிறார்.

அவர் விழுந்த அந்த நாளுக்கு அடுத்து வந்த புதன்கிழமைக் கூட்டத்தில், "அந்தப் பெயர் சொல்லாத சகோதரி நான்தான்" என்று எழுந்து சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. "அது எங்களுக்கு எப்பவோ தெரியுங்க. நீங்க வாயத் தொறக்கணும்னுதான் ஜெபிச்சோம்" என்றார் போதகரின் மனைவி.

இன்றைக்கும் காலையில் முழங்காற்படியிடும் முன், முன்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத்தான் வருகிறேன். கேட்டதை ஆண்டவர் கொடுத்தனுப்பினால், அதைக் கொண்டு வருகிறவர் உள்ளே வர வேண்டுமே.