அத்தை இருக்கும்வரை பெல்ட் இல்லை

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது கடலூரில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் புடைத்திருந்தது. புதுச்சேரி டாக்டர், அக்குளிலிருந்து இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பெல்ட் ஒன்றைச் செய்துகொள்ளச் சொன்னார். குளிக்கும் நேரம் தவிரக் கழற்றக் கூடாது, தினமும் உடற்பயிற்சி செய்ய வேண்டும், வளர்கிற வயதில்தான் இதெல்லாம் பலிக்கும் என்று அம்மாவிடம் தெளிவாகச் சொன்னார். நம்மூர் வெயிலில் அதற்குள் வெந்துபோவேன்.

சிதம்பரத்தில் அப்பாவின் அக்கா இருந்தார். அவர் மகனுக்கு நான்தான் என்று நான் பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்களாம். அத்தை வருகிறார் என்றாலே அம்மாவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. "கழட்டுடி, அவுங்க பாத்தா எல்லாம் போச்சி" என்று பெல்ட்டைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் திணிப்பாள். உடற்பயிற்சிக்கும் விடுமுறை. அப்பா பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம், காதுகுத்து என்று அத்தை அடிக்கடி வருவார், வந்தால் லேசில் கிளம்ப மாட்டார்.

எனக்கோ கொண்டாட்டம். அவர் பையை எடுக்கும்போதெல்லாம் புடவையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ரெண்டு நாள் இருங்கள் என்று கெஞ்சுவேன். அத்தைமேல் எவ்வளவு பாசம் என்று அம்மா பூரித்துப்போவாள்.

ஒன்பதாவது முடித்த கோடையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். வளர்ச்சி முடிந்துவிட்டது, வளைவு கூடியிருக்கிறது, இனி பெல்ட் போட்டுப் பிரயோஜனமில்லை என்றார். அம்மா பஸ்ஸில் வழி முழுக்க அழுதாள்.

வீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா? தம்பி பெல்ட் செஞ்ச அன்னிக்கே சொல்லிட்டானே! நீ மறைக்கிற, கேட்டா ஒனக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் வாயத் தொறக்கல."

ஒருத்தி மரியாதைக்குப் பயந்து மறைத்தாள். இன்னொருத்தி மரியாதைக்காகத் தெரியாத மாதிரி இருந்தாள். இரண்டும் தெரிந்த மனிதர் பேப்பர் படித்தார். இவர்கள் மரியாதைக்கு என் முதுகுதானா கிடைத்தது? மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இனி பெல்ட் இல்லை என்பது மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது. மறுநாள் அத்தை பையை எடுத்தபோது, முதல்முறையாக நான் அவரை இருக்கச் சொல்லவில்லை. பெல்ட்டே போய்விட்டது, இனி அத்தை எதற்கு என்று நினைத்தேன்.