மடியில் செருப்பு

மனைவி, மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், நான். ஜேர்மனியில் அயலூர்க்காரர் மட்டும் அறிந்த ஒரு சின்ன ஏரிக்குப் போனோம். நாங்கள் தண்ணீரில் இறங்கப் போக, மனைவி கரையில் இருந்துகொண்டு எங்கள் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஈர மண்ணும் தோலுமாக மணத்தது.

சாட்டிக் கடற்கரையிலும் அதே மணம். சின்ன வயதில் எங்கள் வேலணைத் தீவில் இருந்தபோது ஒரேயொரு தடவை போனோம். அம்மாவும் இப்படித்தான் இருந்தார்.

"அம்மா, காலையாவது நனையுங்கோவன்" என்றாள் அக்கா.

"செருப்பை நாய் தூக்கினால் கொப்பரே வாங்கித் தருவார்? அடுத்தமுறை இறங்கிறன்."

ஐயா சிரித்தார். "கொம்மாவுக்குக் கடலைவிடச் செருப்புப் பெரிசு."

அடுத்த மாரியில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். தீவில் பிறந்தவர், கடலில் கால் நனைத்ததே இல்லை.

"எழும்பும், செருப்பை நான் பார்க்கிறன்" என்றேன் மனைவியிடம். தன்னுடையதையும் கழற்றித் தந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

மடியில் ஐந்து சோடி.