வெர்னாவின் சுற்றாத விசிறி

"சுத்தாத விசிறிக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு காவல். நல்லா இருக்கு உங்க யுத்தம்."

வெர்னா ஸ்டாடர் இதைச் சொல்லாத நாள் கிடையாது. கலிபோர்னியப் பாலைவனத்தில், காய்ந்து வெடித்த ஏரிப் படுகையின் ஓரத்தில் அந்தக் கொட்டகை. நாற்பத்து மூன்றாம் வருஷம். உள்ளே ஒளித்து வைத்திருந்த போர் விமானத்துக்கு முன்விசிறியே கிடையாது. அதன் எஞ்சின்கள் காற்றை விழுங்கிப் பின்பக்கம் நெருப்பாகத் துப்பும். இப்படி ஒன்று இருப்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக, மரத்தில் ஒரு பொய் விசிறி செய்து மூக்கில் மாட்டி வைத்தார்கள். பறக்கும் முன் கழற்ற வேண்டும். இறங்கியதும் மாட்ட வேண்டும். செய்தவள், மாட்டுகிறவள், கழற்றுகிறவள் எல்லாம் வெர்னாதான். ஊரில் அலமாரி செய்துகொண்டிருந்த கை.

விமானத்தை ஓட்டிப் பார்க்கிறவன் கிளீட், அவளுடைய கொழுந்தன். "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புருஷன் பசிபிக் சண்டைக்குக் கப்பலேறியிருந்தான்.

"அண்ணி, நீங்க மூக்கைக் கழட்டினாத்தான் எனக்குப் பறக்கவே வருது."

"வராட்டி இறங்கி நட. முகாம்ல போடுற அவிச்ச பீன்ஸைத் தின்னுட்டுப் பேசுற பேச்சைப் பாரு."

கண்ணாடி மூடியைச் சாத்தும் முன் அவன் தினமும், "மூக்கு, அண்ணி" என்று குரல் கொடுப்பான். அவள் கழற்றுவாள். அதன் பிறகுதான் எஞ்சின்.

வாஷிங்டனிலிருந்து பெரிய மனிதர்கள் பார்க்க வந்த அன்று மேஜர் ஹாஸ்கின்ஸ் அவளைக் கூப்பிட்டார். தொண்டைக்குள் தகர டப்பாவை உருட்டுகிற குரல்.

"இந்தாம்மா, இன்னிக்கு நீ கயித்துக்கு அந்தப் பக்கம் நில்லு. பொம்பளை ஒருத்தி சுத்தியலோட நின்னா வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அப்ப விசிறியை யாரு கழட்டுறது?"

"பிரூயிட் பாத்துப்பான்."

தலைமை மெக்கானிக் பிரூயிட், வாய் நிறைய டோநட்டோடு தலையாட்டினான். விசிறி வைத்த விமானங்களோடு தலை நரைத்த ஆள். விமானத்தை யாரும் நெருங்காதபடி கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் வெர்னா நின்றாள். யாரோ ஒரு பெரிய தொப்பி அவளிடம் காபி கேட்டது. ஊற்றினாள். அத்தனை தொப்பிகளுக்கு நடுவே "அண்ணி" என்று கத்தக் கூச்சப்பட்டு, கிளீட் அன்று பேசாமல் மூடியைச் சாத்திக்கொண்டான். பிரூயிட் விமானத்தைச் சுற்றி வந்து கட்டைவிரலை உயர்த்தினான். எஞ்சின் சீறியது.

வெர்னா நிமிர்ந்தபோது விமானம் ஓட ஆரம்பித்திருந்தது. இன்றைக்கு என்னவோ லட்சணமாக இருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடி புரிந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கப் போகிற விமானத்தின் மூக்கில், நாலு இதழும் துளி அசையாமல், அவள் செய்த விசிறி.

காபிப் பாத்திரம் கீழே விழுந்தது. ஓடிப் போய் பிரூயிட்டின் சட்டையைப் பிடித்தாள்.

"விசிறி."

"என்ன விசிறி?"

"மூக்குல இருக்குய்யா."

அவன் பார்த்தான். "ஆமா, இருக்கே" என்றான், நிம்மதியாக.

பிறகு அவன் முகம் மாவு பூசியதுபோல ஆயிற்று. விசிறி இல்லாத விமானம் அங்கிருந்தவர்களின் கண்ணைத் தினமும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குத்தான் உறுத்தவில்லை. அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை.

விமானம் தரையை விட்டு எழுந்தது. காற்றின் வேகம் தாங்காமல் பலகை பிளக்கிற சத்தம். மரத்துண்டுகள் சிதறின, ஒன்று கண்ணாடி மூடியில் மோதியது, ஒன்றை எஞ்சின் விழுங்கியது. கரும்புகை. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவனுடைய அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது?  சாய்ந்த விமானம் மெல்ல நிமிர்ந்து, ஒற்றை எஞ்சினில் அரை வட்டம் அடித்து, ஏரிப் படுகையில் தொப்பென்று இறங்கி, வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

ஒரு காலில் செருப்பில்லாமல் ஓடினாள். கிளீட் மூடியைத் தள்ளித் திறந்தான். நெற்றியில் ரத்தம்.

"மூக்கு உடைஞ்சு போச்சு அண்ணி."

அவனை அறையத்தான் கையை ஓங்கினாள்.  அந்தக் கையாலேயே அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடி நின்றாள்.  

மறுநாள் கொட்டகையில் விசாரணை. உடைந்த இதழ் ஒன்று மேஜையில் கிடந்தது. பிரூயிட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விசிறி உன் பொறுப்பு" என்று வெர்னாவைப் பார்த்து மேஜரின் தகர டப்பா உருண்டது. "ஒரு உயிர் போயிருக்கும். என்ன சொல்ற?"

வெர்னா அந்த இதழை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். 

"பாக்குறவன் ஒருத்தனுக்கும் சந்தேகம் வரக்கூடாது, அப்படிச் செய்யின்னு சொன்னது நீங்கதான் மேஜர் சார். நேத்து நீங்க, பிரூயிட்டு, வாஷிங்டன் தொப்பிங்க எல்லாரும் கையெட்டுற தூரத்துல நின்னு பாத்தீங்க. என்னை மட்டும் கயித்துக்கு அந்தாண்ட நிறுத்தினீங்க. உங்கள்ல ஒருத்தருக்கும் சந்தேகம் வரல. என் வேலையில குத்தம்னா சொல்லுங்க, அடுத்த விசிறியைக் கொஞ்சம் அசிங்கமா செஞ்சு தர்றேன்."